தில்லி சுற்றி வந்த மாமா

ஒரு புத்தகம் அச்சுக்குப் போகும் முன் பத்துப் பேராவது அதை வரிவரியாகப் படித்திருப்பார்கள் என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். என் பிழைப்பு அப்படி. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஒவ்வொரு மெஷினுக்கு மேலேயும் ஒட்டியிருக்கும் வேலைமுறைத் தாளைத் தமிழில் எழுதுவது என் வேலை. எந்த போல்ட்டை முதலில் முடுக்க வேண்டும், எந்தக் கையுறை போட வேண்டும், விளக்கு சிவப்பானால் யாரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அதில் இருக்கும். ஆனால் அந்த ஒற்றைத் தாளில் ஒரு சொல்லை மாற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். சூப்பர்வைசர் படிக்க வேண்டும், குவாலிட்டி படிக்க வேண்டும், பாதுகாப்பு அதிகாரி படிக்க வேண்டும். கடைசியில் அந்த மெஷினில் நிற்கிற ஆளையே பக்கத்தில் வைத்து உரக்கப் படித்துக் காட்டி, புரிகிறதா என்று கேட்க வேண்டும். பழைய தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் புதியதை ஒட்டலாம். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு தாளில் ‘இறுக்கவும்’ என்பது ‘இருக்கவும்’ என்று வந்துவிட்டதாம். போல்ட்டுகள் அது பாட்டுக்கு இருந்திருக்கின்றன. அந்த ஒரு எழுத்தைச் சொல்லிச் சொல்லியே என்னை இன்றுவரை மிரட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு தாளுக்கே இந்தப் பாடு என்றால் முழுப் புத்தகத்துக்கு என்ன பாடு படுவார்கள் என்று எனக்கு ஒரு பிரமிப்பு. அஞ்சல் வழியில் எம்.பி.ஏ. சேர்ந்து, கடைசி வருடம் ப்ராஜெக்ட் என்று வந்தபோது, கூடப் படித்தவர்கள் உதிரிபாகம், பர்கூர் கிரானைட், மாம்பழக் கூழ் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் புத்தகப் பதிப்புத் தொழில் என்று எழுதிக் கொடுத்தேன். நம் நாட்டில் ஒரு புத்தகம் எங்கே பிறக்கிறது, யார் யார் கைக்குப் போகிறது, ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு எப்படித் தாவுகிறது, இதுதான் விஷயம். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், அதெல்லாம் ஒரு தொழிலாம்மா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். அது தொழில் இல்லையென்றால் நீங்கள் எதைப் படித்து சார் பாஸ் பண்ணினீர்கள் என்று கேட்டுவிட்டேன். தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

நான் அந்தத் தலைப்பை எடுத்ததற்குக் காரணம் எங்கள் கீழ்வீடு. மத்திகிரி ரோட்டில் நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள், வயதான தம்பதி. அந்த அம்மா கன்னடப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும். தன் வாழ்க்கையைக் கன்னடத்தில் எழுதியிருந்தார். பெங்களூரில் ஒருவர் அதைப் புத்தகமாகப் போட, நன்றாகப் பேசப்பட்டது. அதைப் பார்த்துத் தில்லியில் ஒரு பெரிய பதிப்பகம் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. நான் சிங்காரப்பேட்டைக்காரி. கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் கேட்டுக் கேட்டுக் கன்னடம் பேசுவேன், ஆனால் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. அதனால் ஆங்கிலத்தில்தான் படித்தேன். அடுத்து சென்னையில் ஒரு பதிப்பகம் தமிழில் கொண்டுவருகிறது என்று தெரிந்ததும், இந்த ஒரு புத்தகத்தையே பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தமிழ்ப் புத்தகத்துக்காக எல்லாரையும்விட அதிகமாகக் காத்திருந்தவர் டீச்சரின் கணவர். நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். ஓசூரில் எனக்கு வீட்டுக்காரர், கண்டக்டர், பால்காரர் எல்லாருமே அங்கிள்தான். ஆனால் டீச்சருக்கு அவர் தாய்மாமன், அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. இந்தப் பக்கத்தில் அக்கா மகளைக் கட்டுவது வெகு சாதாரணம். சின்ன வயதிலேயே தாயை இழந்து அக்கா வீட்டோடு வளர்ந்தவர். டீச்சர் குழந்தையாக இருந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவர். ஆண்பிள்ளைக்குத் தமிழ் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்று அவரைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்த கன்னடப் பள்ளிக்கூடம் போதும் என்று விட்டார்கள். பேச்சு இருவருக்கும் கன்னடம்தான். எழுத்து மட்டும் அவருக்குத் தமிழ், இவருக்குக் கன்னடம். டீச்சர் தமிழில் பஸ் போர்டு படிப்பார், அதற்கு மேல் ஓடாது. அங்கிளுக்குக் கன்னடத்தில் அதுவும் கிடையாது.

ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். தமிழ்ப் பேப்பரை வரன் தேடும் விளம்பரம் வரை விடாமல் படிப்பார். ஆனால் மனைவி எழுதிய புத்தகத்தில் ஒரு வரி படித்ததில்லை. என்னைப் பத்தி என்னென்ன எழுதி வெச்சிருக்காளோ, தமிழ்ல வந்தாத்தாம்மா தெரியும் என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பயமும் இருக்கும். டீச்சரிடம் நேராகக் கேட்டாரா என்றால் இல்லை. டீச்சரும் தானாகச் சொல்கிற ஆள் இல்லை. டீக்கடையில் பழைய கம்பெனி சகாக்களிடம், வீட்டம்மா புக்கு தமிழ்ல வருது, ஆளுக்கு ஒண்ணு தர்றேன் என்று மட்டும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் புத்தகத்தின் உயிரே ஒரு சொல்லில் இருந்தது. டீச்சரே எனக்கு அதைச் சொன்னார். கன்னடத்தில் தாய்மாமனுக்கு ‘மாவ’. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை அவரை மாவ என்று கூப்பிட்டார். கல்யாணமான மறுநாளும் அதே மாவ. சொல் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, அர்த்தம் மட்டும் ஒரே ராத்திரியில் தலைகீழாகிவிட்டது. அதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். எனக்குக் கேட்டதும் மெய்சிலிர்த்தது. இதைத் தமிழில் கொண்டுவருவது அல்வா சாப்பிடுகிற மாதிரி அல்லவா? நமக்கும் தாய்மாமனும் மாமா, கட்டிக்கொண்டவனும் மாமா. கொடுத்து வைத்த மொழிபெயர்ப்பாளர் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் பெங்களூர்ப் பதிப்பாளரைப் பார்க்க ஒரு சனிக்கிழமை கர்நாடக எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளி தாண்டிப் போனேன். நல்ல மனிதர், காபி வரவழைத்துக் கொடுத்தார். தமிழுக்கு யார் செய்கிறார்கள், உங்களிடம் பேசினார்களா என்று கேட்டேன். கையை விரித்தார். ஆங்கிலத்துக்குக் கொடுத்தபோதே மற்ற இந்திய மொழிகளுக்கான உரிமையும் சேர்ந்து தில்லிக்குப் போய்விட்டதாம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருந்ததாம், பெரிய இடத்தில் அப்படித்தான் போடுவார்களாம். சென்னைக்காரர்கள் தில்லியிடம் வாங்கி ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிறார்கள் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் தெருவில் காய் விற்கிற பெண் மூன்று பாஷையில் பேரம் பேசுவாள். அந்த ஊரில் உட்கார்ந்து கன்னடத்தில் எழுதிய புத்தகம் அதே ஊருக்குத் தமிழில் வர, தில்லிக்குப் போய் ஆங்கிலத்தில் முழுகிவிட்டு வர வேண்டுமா? அவரிடமே கேட்டேன். ரோடு அப்படித்தானம்மா போட்டிருக்கிறார்கள் என்றார்.

தில்லியில் அந்தப் புத்தகத்தைக் கவனித்துக்கொண்ட பெண்மணியிடம் வீடியோவில் பேசினேன். தங்கமான பேச்சு. முதல் பிரதியில் மாவ என்றே இருந்ததாம். வடக்கே படிப்பவர்களுக்கு இந்த உறவுமுறை எல்லாம் தலைசுற்றும் என்று அதை எடுத்துவிட்டு, எல்லா இடத்திலும் அங்கிள் என்று போட்டுவிட்டார்களாம். நான் படித்தபோது அது உறைக்கவே இல்லை. எனக்குத்தான் ஆளைத் தெரியுமே, மனதுக்குள் மாமா என்று மாற்றிப் படித்திருக்கிறேன். தெரியாதவர்கள் என்னவென்று படிப்பார்கள்? அங்கிள் என்றால் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா, பால்காரரா? அந்த அம்மாவிடம் சொன்னேன். ஆங்கிலத்தில் அது சரியான சொல்தானே என்றார். சரியான சொல்தான், அதை யார் மறுக்க முடியும்.

சென்னைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அலுவலகமே காலில் சுடுதண்ணீர் கொட்டின மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. தையில் புத்தகக் கண்காட்சி. அதற்குள் வந்தாக வேண்டும் என்று அத்தியாயங்களை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்கவில்லை. கன்னடப் புத்தகம் ஒரு பிரதிகூட அங்கே கிடையாது. எழுதியவரிடம் காட்டினீர்களா என்று பொறுப்பாசிரியரைக் கேட்டேன். ஐம்பது வயதிருக்கும், கண்ணில் தூக்கம் அப்பியிருந்தது.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்களே, கர்நாடகாக்காரங்க."

"ஓசூர்ல இருக்காங்க சார்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

ஓசூர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது என்று சென்னையில் ஒரு தமிழ்ப் பதிப்பகத்தில் நின்றுகொண்டு நான் சொல்ல வேண்டியிருந்தது. எங்க ஊரு எம்.எல்.ஏ. உங்க ஊர்லதான் சார் வந்து உக்காந்திருக்காரு, வேணும்னா கேட்டுப் பாருங்க என்றேன். அவர் கூச்சத்துடன் சிரித்து, மன்னிக்கணும் என்றார். அந்த அம்மா நன்றாகத் தமிழ் பேசுவார், ஒரு போன் போட்டிருந்தால் போதும் என்றேன். அவரிடம் டீச்சரின் நம்பரே இல்லை. தில்லி கொடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. ஃபைல் அன்று காலையிலேயே அச்சகத்துக்குப் போய்விட்டிருந்தது. அங்கிளைத் தமிழில் என்னவென்று போட்டீர்கள் என்று கேட்க அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் தொழிற்சாலையில் ஒரு கையுறைக்குப் பிடிக்கிற பாதி கவனம்கூட இந்த நாட்டில் ஒரு பெண்ணின் வாழ்க்கைக் கதைக்கு இல்லையா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு ஆறவே இல்லை. சூளகிரி வரும்வரை பக்கத்து சீட்டுக்காரியிடம் புலம்பினேன். அவள் பாவம், காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த வாரம் பார்சல் வந்தது. பனி முழுக்க விலகாத காலை. அங்கிள்தான் பிரித்தார். ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தார், அட்டையைத் தடவினார், என்னைப் படம் எடுக்கச் சொன்னார். டீச்சர் சமையலறை வாசலோடு நின்றுவிட்டார். பிள்ளையைப் பரீட்சை எழுத அனுப்பிய தாய் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, படிச்சுட்டுச் சொல்லுங்க என்று மட்டும் சொன்னார். அங்கிள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் ப்ராஜெக்டுக்கு என்று ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்கு ஓடினேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சத்தமே இல்லை. அங்கிள் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். சகாக்களுக்குத் தருவதாகச் சொன்ன பிரதிகள் பார்சலோடு பீரோவுக்கு மேலே ஏறிவிட்டன. மாடிப்படியில் என்னைப் பார்த்தால், தண்ணீர் வருதாம்மா என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் பூ கொடுக்கிற சாக்கில் மேலே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சரியா சாப்பிடறதில்லைம்மா. மூஞ்சியப் பார்த்துப் பேசறதில்லை. நான் எழுதியிருக்கவே கூடாது."

அப்படி என்னதான் அவரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். தப்பாக ஒன்றும் எழுதவில்லை, உள்ளதைத்தான் எழுதினேன் என்றார். உள்ளது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. நான் படித்த ஆங்கிலத்தில் அவர் பொறுமைசாலியாக, நல்லவராகத்தான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தமிழ்ப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்திலேயே, ‘சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனார்’ என்று இருந்தது. இது யாரடா புதிதாக ஒரு சித்தப்பா என்று பார்த்தேன். அடுத்த பக்கத்தில் சித்தப்பாவைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறார்கள். எனக்குப் பகீர் என்றது. பக்கங்களைத் தள்ளிக் கல்யாண அத்தியாயத்துக்குப் போனேன். ‘உனக்கும் சித்தப்பாவுக்கும் கல்யாணம் என்று அம்மா சொன்னாள்.’ கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தேன். அதேதான். இன்னும் நாலு வரி தள்ளி, கல்யாணமான மறுநாள் காலையில் அந்தப் பெண், ‘சித்தப்பா, குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறேன்’ என்கிறாள்.

அட கண்றாவியே! அப்பாவின் தம்பி. தகப்பன் ஸ்தானம். தமிழில் ஒரு குடும்பத்தைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒன்றை எழுத முடியாது. கொலை செய்தார் என்று எழுதியிருந்தால்கூட மனிதர் டீக்கடைக்குப் போய் உட்கார்ந்திருக்க முடியும். உடம்பெல்லாம் எனக்கு எரிந்தது. மொழிபெயர்த்தவர் தமிழர்தானா, அவருக்கு அக்கா தங்கை இல்லையா என்று வாய்விட்டே திட்டினேன். திட்டிக்கொண்டே படித்தபோதுதான் ஒரு வரி இடறியது. ‘எத்தனை சித்தப்பாங்கம் ஆனாலும் இந்த வீட்டை மறக்க மாட்டேன்.’

சித்தப்பாங்கமா? அது என்ன கருமம்? திரும்பத் திரும்ப உச்சரித்துப் பார்த்தேன். பிறகு விளங்கியது. மாமாங்கம். யாரோ ஒரு புண்ணியவான் மாமா என்றுதான் சரியாக எழுதியிருக்கிறார். வேறு யாரோ கம்ப்யூட்டரிடம் மாமாவையெல்லாம் சித்தப்பா ஆக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். அது நல்ல வேலைக்காரன், மாமாங்கத்தைக்கூட விடவில்லை. மாமாவை என்பது சித்தப்பாவை, மாமாவுக்கு என்பது சித்தப்பாவுக்கு. ஒரு வேற்றுமை உருபுகூடப் பிசகாமல் கச்சிதமாகப் பொருந்தியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

சென்னைக்குப் போன் போட்டேன். பொறுப்பாசிரியர் கண்காட்சி அரங்கில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். நான் படித்துக் காட்டியதும் அவர் குரல் இறங்கிவிட்டது. நடந்ததை அவர்தான் விளக்கினார். முதல் பகுதியைச் செய்தவர், அங்கிள் அந்தப் பெண்ணின் அப்பாவோடு ஒரே வீட்டில் இருக்கிறாரே, அப்படியானால் சித்தப்பாதான் என்று முடிவு கட்டிவிட்டார். கல்யாணப் பகுதியைச் செய்தவர், கட்டிக்கொள்கிறார் என்றால் மாமாதான் என்று சரியாகப் போட்டார். கடைசியில் ஒருமைப்படுத்த உட்கார்ந்தவர், ஒரே ஆளுக்கு இரண்டு உறவா என்று பார்த்து, முதலில் வந்ததை வைத்துக்கொண்டார். அதுதான் அங்கே வழக்கமாம். ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை, ஒருத்தர்கூடச் சோம்பேறி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அதிர்ச்சியாக இருந்தது.

வெளியே போன பிரதிகளைத் திரும்ப வாங்குங்கள் என்றேன். எங்கள் இடத்தில் பழைய தாளைக் கிழித்துவிட்டுத்தான் மறுவேலை. கடைக்குப் போனதைத் திரும்ப எடுக்கிற பழக்கம் இல்லை என்றார். திருத்தச் சீட்டு ஒன்று அச்சடித்து உள்ளே வைக்கிறோம் என்றார். பிறகு, எனக்கு ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்.

"இது வித்துத் தீந்துடட்டும்மா. அடுத்த பதிப்புல கண்டிப்பா மாத்திடறோம்."

"அப்ப இந்த அசிங்கம் நல்லா விக்கணும்னு நாங்க சாமி கும்பிடணுமா சார்?"

கண்காட்சி ஒலிபெருக்கியில் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். நான் போனை வைத்துவிட்டுப் புத்தகத்தோடு கீழே இறங்கினேன்.

கூடத்தில் அங்கிள் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். டீச்சர் தரையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். அங்கிள், இது தப்பாக அச்சாகியிருக்கிறது என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தேன். தில்லி, சென்னை, மூன்று பேர், கம்ப்யூட்டர், எல்லாவற்றையும் கொட்டினேன். டீச்சருக்குப் புரியவில்லை. புத்தகத்தில் அப்படி ஒரு சொல் இருப்பதே அவருக்கு அதுவரை தெரியாது. வாங்கி, பஸ் போர்டு படிக்கிற மாதிரி விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். சித், தப், பா. விரல் நின்றுவிட்டது. ‘தேவ்ரே’ என்று கடவுளைக் கூப்பிட்டு, சூடு பட்ட மாதிரி புத்தகத்தை மடியிலிருந்து தள்ளிவிட்டார். அவரைக்காய்கள் தரையெல்லாம் சிதறின.

நான் அங்கிளைப் பார்த்தேன். கோபப்படுவார், சிரிப்பார், பதிப்பகத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது கன்னடத்தில். எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன்.

"தப்பா? நீ எழுதினதுன்னுல்ல நெனைச்சேன்."

டீச்சர் நிமிர்ந்தார்.

"வேணும்னுதான் அப்பிடி எழுதியிருக்கான்னு நெனைச்சேன். கடைசிவரைக்கும் என்னை அப்பன் ஸ்தானத்துல வெச்சே குடும்பம் நடத்தியிருக்கா, வாயத் திறந்து சொல்ல முடியாம எழுதி வெச்சிருக்கான்னு."

எனக்குத் தலையில் அடித்த மாதிரி இருந்தது. ஊரில் யார் படித்தாலும் அச்சுப்பிழை என்பார்கள், இல்லை அசிங்கம் என்பார்கள். இந்த உலகத்தில் அந்தச் சொல்லை நிஜமென்று நம்பக்கூடிய ஒரே ஆள் அவர்தான், நம்பியும்விட்டார். அந்த வாரம் முழுக்க அவர் வெட்கப்படவில்லை, கோபப்படவில்லை. தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையைக் கட்டிக்கொண்டோமே என்று உள்ளுக்குள் எப்போதும் இருந்த பயத்தை, மனைவியே அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டாள் என்று உட்கார்ந்திருக்கிறார். நான் மேலே போய்விட்டிருக்க வேண்டும், ஆனால் கால் நகரவில்லை.

"அப்ப நீ என்னன்னுதான் எழுதின?" என்று கேட்டார்.

டீச்சர் எழுந்து போய் அலமாரியிலிருந்து கன்னடப் புத்தகத்தை எடுத்து வந்து அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

"எனக்கு எழுத்துதான் தெரியாது. காது கேக்கும்ல? புக்கு வந்த அன்னிக்கே பக்கத்துல உக்காந்து ஒரு பக்கம் படிச்சுக் காட்டியிருக்கலாமே."

நான் திகைத்துப்போனேன். பெங்களூர் போனேன், தில்லியோடு பேசினேன், சென்னையில் சண்டை போட்டேன். புத்தகம் எந்த வழியாக யாருக்குப் போய்ச் சேருகிறது என்று வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க அது நாட்டையே சுற்றிக்கொண்டிருந்தது என்பது ஒரு நாளும் எனக்கு உறைக்கவில்லை. கம்பெனியில் மெஷின்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டுவதே என் வேலை, எனக்கே உறைக்கவில்லை.

டீச்சர் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க முன்னாடி உக்காந்து படிச்சுக் காட்டற தைரியம் இருந்திருந்தா, நான் எழுதியே இருக்க மாட்டேன், மாவ."

அங்கிள் டிவியை அணைத்தார். சிதறிக் கிடந்த அவரைக்காயைக் காலால் ஒதுக்கி, பக்கத்தில் இடம் பண்ணினார். டீச்சர் உட்கார்ந்தார். நான் படியேறும்போது பின்னால் டீச்சர் கன்னடப் புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்தார். முன்பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகக் கல்யாண அத்தியாயத்துக்குப் போயிருக்கிறார் என்று கேட்டதுமே தெரிந்தது. முதலில் வகுப்பில் பாடம் வாசிக்கிற குரல்தான் வந்தது. கல்யாணமான மறுநாள் ஒரு தடவை கூப்பிட்டதோடு சரி, அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவரை நான் கூப்பிடவே இல்லை, கூப்பிட என்னிடம் வேறு சொல் இல்லை என்று புத்தகத்தில் வருகிற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இந்த வரி இருந்த ஞாபகமே எனக்கு இல்லை. பாதிப் படியில் நின்றேன்.

"அப்புறம்?" என்றார் அங்கிள்.